இருவருக்கும் ஒரே மாத்திரை

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு ஆவுடை மதினியை டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தேன். கூட்டிப் போனேன் என்று நான் எழுதுகிறேன். அவளைக் கேட்டால், தான் போனதாகவும் நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்ததாகவும் சொல்வாள்.

அவள் என் வீட்டுக்காரரின் அக்கா. பிள்ளை இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரத்தில் தனியாக இருந்தபோது மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "அக்கா இனிமே தனியா கிடக்க வேண்டாம்" என்று போன தை மாதம் இவர்தான் அவளைத் தூத்துக்குடிக்கு அழைத்துவந்து, முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார். பங்குனியில் இவருக்கே மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கொண்டுவந்தவர் போய்விட்டார். கொண்டுவந்தது முன்னறையில் இருக்கிறது.

டாக்டர் பெனடிக்டா சின்ன வயசுப் பெண். மதினியின் மருந்துப் பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தாள். கடைசியில் ஒரு சிறிய அட்டையை எடுத்து மதினி முகத்துக்கு நேரே காட்டினாள். "எத மறந்தாலும் இந்த ஆஸ்பிரின மறக்காதீங்கம்மா. காலைல சாப்பிட்டதும் ஒண்ணு. திரும்ப அடைப்பு வராம உங்களக் காப்பாத்துறது இதுதான்."

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மறைத்து வைத்துவிடுவேன் என்பதுபோல.

வரும் வழியில் மெடிக்கலில் அவளுக்கு வாங்கும்போது எனக்கும் ஓர் அட்டை சேர்த்து வாங்கினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. டெலிபோன் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த மரகதவல்லியும் போன வாரம் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள், ஐம்பது தாண்டியவர்கள் தினம் ஒன்று போட்டால் மாரடைப்பும் வராது, பக்கவாதமும் வராது என்று. எனக்கு ஐம்பத்தெட்டு. அப்பா பக்கவாதத்தில் போனார். இவர் நெஞ்சு வலியில் போனார். மதினியைக் காப்பாற்றுகிற மருந்து என்னை மட்டும் காப்பாற்றாதா? அவள் எண்பது வயது வரை இருந்து என் குழம்பில் உப்பு பார்க்கவேண்டும், நான் முந்திக்கொண்டு போகவேண்டும், அப்படித்தானே?

ஜூன் 11, புதன்

போட ஆரம்பித்துவிட்டேன். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல மருந்து என்றால் தெரியக் கூடாது.

ஜூன் 18, புதன்

துணி காயப்போட மாடிக்கு ஏறி இறங்கியதில் முட்டி விண்விண் என்று தெறிக்கிறது. வழக்கமாகப் போடுகிற வலி மாத்திரையைக் காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றும் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் புனேயிலிருந்து நாதன் பேசினான். என் மகன், என் போனுக்குத்தான் கூப்பிட்டான். "அத்தை என்ன செய்யுறா?" என்றுதான் முதலில் கேட்டான். நான் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் பார்த்தேன். அவள் அப்போது ஊரிலிருந்து வந்து அவனைப் பார்த்துக்கொண்டாள், உண்மைதான். அதற்காக ஆயுசு முழுக்க "நான் வளத்த புள்ள, நான் வளத்த புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பெற்றவள் என்ன செய்வது? முன்னறையிலிருந்து என் காதில் விழுகிற மாதிரி பேசினாள்.

"இங்க என்னய்யா கொறச்சல். உங்கம்மா சமைக்கா, நான் திங்கேன். ரசத்துல புளி போட மட்டும் அவளுக்கு மறந்துபோவுது."

ஜூன் 27, வெள்ளி

முன்கையில் ஒரு நீலம். வாளி இடித்திருக்கும். தொடையிலும் ஒன்று இருக்கிறது. அதில் எந்த வாளி இடித்தது என்று தெரியவில்லை. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. பிரஷ் மாற்ற வேண்டும்.

ஜூலை 2, புதன்

ஒரு வாரமாக நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். மதினி தனக்கென்று வறுத்து அரைத்துக் குழம்பு வைக்கிறாளே, அதை ஊற்றிச் சாப்பிட்டதுதான் காரணம். கொல்லைக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. முருங்கைக்கீரை நிறையச் சாப்பிட்டால் அப்படித்தான் போகும்.

மத்தியானம் அவள் கதவருகே நின்று என்னை உற்றுப் பார்த்தாள். "ஏளா உலகு, மூஞ்சி வெளிறிக் கிடக்கு. என்னமும் மருந்து மாத்திர திங்குதியா?"

"உங்க கண்ணுக்கு நான் என்னைக்கு நல்லா இருந்திருக்கேன் மதினி?" என்றேன்.

வாயை மூடிக்கொண்டு போனாள். அவள் வாயை மூடிக்கொண்டு போவது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு ருசித்தது என்று எழுத வேண்டும், ஆனால் இறங்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது. வெயில்.

ஜூலை 14, திங்கள்

நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் களைத்துப் போகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் அவள் சொல்வதுதான் நடந்ததாக ஆகிவிடும்.

புதன்கிழமை காலையில் இட்லிக்குத் தட்டு எடுக்கக் குனிந்தேன். தலை சுற்றி, அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். முதலில் காப்பித்தூள் கரைசல் மாதிரி வந்தது. அப்புறம் சிவப்பாகவே வந்தது. மதினி ஓடிவந்து அதைப் பார்த்தாள். பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது அவள் மடி. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, 108-க்குப் போன் போட்டு, விலாசம் சொல்லத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தாள். அவள் மடியில் கிடந்ததை ஊரெல்லாம் சொல்லிக்காட்டப் போகிறாள்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. உள்ளேயே ஊசி போட்டு அடைத்தார்கள். ரத்தமும் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் பெனடிக்டா வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். மதினி அப்போது சோறு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.

"உங்களுக்கு யாரு ஆஸ்பிரின் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நாத்தனார் போடுறாங்க. நீங்கதான அது உயிரக் காப்பாத்தும்னு சொன்னீங்க."

"அவங்களுக்குச் சொன்னேன். உங்களுக்கு இல்ல."

"ஒரே மாத்திரதான டாக்டர்?"

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மாத்திர ஒண்ணுதான். ஆளு வேற. அது ரத்தம் கட்டிப்போறதத் தடுக்கும். உங்க நாத்தனாருக்கு ஒரு தடவ அடைப்பு வந்தாச்சு, உள்ள ஸ்டென்ட் இருக்கு. திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதனால அவங்களுக்குக் கிடைக்கிற லாபம் பெருசு. வயித்துல ரத்தம் கசியலாம்கிற பயம் அவங்களுக்கும் உண்டு. ஆனா லாபத்தப் பாத்தா அது சின்னது. உங்களுக்கு இதுவரைக்கும் இதயத்துல ஒண்ணும் வரல. ஈசிஜி, எக்கோ ரெண்டும் நல்லா இருக்கு. அப்ப லாபம் கொஞ்சம்தான். ஆபத்து மட்டும் முழுசா இருக்கு. போதாததுக்கு முட்டி வலி மாத்திரையும் அதோட சேத்துருக்கீங்க. ரெண்டும் சேந்து வயித்த அரிச்சிருச்சு."

"எங்க அப்பா பக்கவாதத்துல போனாங்க. வீட்டுக்காரர் நெஞ்சு வலியில போனாங்க."

"அந்தப் பயம் எனக்குப் புரியுது. அதுக்கு பிபி பாக்கணும், சுகர் பாக்கணும், கொழுப்பு பாக்கணும். நீங்களா கடைல போயி இத வாங்கக் கூடாது."

"இத முன்னாடியே போட்டிருந்தா என் வீட்டுக்காரர் பிழைச்சிருப்பாங்களா?"

"தெரியலம்மா. அவங்க உடம்புல என்ன இருந்துச்சுன்னு பாக்காம நான் எப்படிச் சொல்ல முடியும்? பிழைச்சிருக்கலாம். போட்டும் போயிருக்கலாம். உங்கள மாதிரி ரத்தம் கசிஞ்சும் போயிருக்கலாம்."

இப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தெரியாது என்று சொல்ல எதற்கு ஒரு டாக்டர்?

எழுந்து போகும்போது நின்று சொன்னாள்: "உங்க நாத்தனார் ரொம்பப் பயந்துபோயிருக்காங்க. ஆஸ்பிரினாலதான் ரத்தம்னு நர்ஸ் சொன்னதக் கேட்டுட்டு, பயத்துல அவங்களும் நிறுத்திருவாங்களோன்னு இருக்கு. நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைச்சிக்கும், பக்கவாதம்கூட வரலாம். மறக்காம நீங்க சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் அவளுக்கு இட்லி வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் மருந்துப் பையைப் பிரித்தாள். மற்றதெல்லாம் போட்டாள். சின்ன அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்க் குப்பை வாளியில் போட்டாள்.

"அந்தச் சவத்த இனிமே தொட மாட்டேன். நீ கக்குன ரத்தத்த நான்லா கழுவினேன். எனக்கும் அப்பிடி வந்தா யாரு கழுவுவா? நீயா?"

"உங்க இஷ்டம் மதினி" என்றேன்.

இன்னும் உடம்பு தேறவில்லை. நின்று பேசக்கூட முடியவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. நல்ல காற்று. தெருவில் ஒரே புழுதி.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிடுவோம் என்று முன்னறைக்குப் போனேன். கதவருகே போகும்போதே நாதனோடு பேசுவது கேட்டது. "உங்கம்மா யாருட்டயும் கேக்காம என்ன மாதிரியே மருந்து வாங்கித் தின்னுருக்காய்யா. எனக்கு நல்லது எதுவும் கிடைச்சிரக் கூடாது அவளுக்கு. மாத்திரையில கூடப் போட்டி."

திரும்பி வந்துவிட்டேன். அப்படிப் பேசுகிறவளிடம் போய், உனக்கு அது நல்லது, எனக்குத்தான் கெட்டது என்று நானே சொல்ல வேண்டுமா? அவளுக்கும் வாய் இருக்கிறது, போன் இருக்கிறது. டாக்டரைக் கேட்கட்டும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. இவர் போனபிறகு வருகிற முதல் ஆடி அமாவாசை. நாதனுக்கு லீவு கிடைக்காததால், கடற்கரைக்குப் போய்த் தர்ப்பணம் கொடுக்க என் கொழுந்தனார் ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்திருந்தார். நான் படுத்து எழுந்தவள் என்று பாராமல் அத்தனை சமையலும் செய்தேன். இவருக்குப் பிடித்த சேனைக்கிழங்கு வறுவல், அவியல், பாசிப்பருப்புப் பாயசம். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொழுந்தனாரிடம் சொல்கிறாள்:

"என் தம்பி பாத்ரூம்ல விழுந்து கிடக்கான். நான் கோயிலுக்குப் போயிருக்கேன். இவ இங்கன டீவி பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

கொழுந்தனார் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் பாயசம் ஊற்றினேன். சத்தம் குறைத்துத்தான் வைத்திருந்தேன். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், சத்தம் குறைத்துத்தான் வைத்திருந்தேன் என்று.

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

ஜூலை 26, சனி

எனக்குச் செக்கப். புண் ஆறிவருகிறதாம். மாதா கோயில் கொடியேற்றம் என்பதால் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் அவசரத்தில் இருந்தார்கள். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டாள்: "நாத்தனார் ஆஸ்பிரின் ஒழுங்கா போடுறாங்களா?"

"போடுறாங்க" என்றேன். வெளியே கூட்டம் நின்றது. அவளுக்கும் நேரமில்லை.

ஜூலை 28, திங்கள்

தூக்கம் சரியில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.

காலையில் தோசை. மதினி கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி வழக்கம்போல ஆரம்பித்தாள். "இது என்ன சட்னி? தேங்காயக் கண்ணுல காட்டினியா? பொட்டுக்கடல வாங்குத காசுக்கு ஒரு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஒரு தேதி வாங்கலாம்லா" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். மறுபடியும், "தேதி... சட்னியில... படி..." என்றாள். சொல் குழைந்து வந்தது. தம்ளர் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

வாய் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை தட்டுக்குள்ளேயே கிடந்தது. அதைத் தூக்கப் பார்க்கிறாள், வரவில்லை. என்னைப் பார்த்து எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

நான் தோசைக் கரண்டியோடு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரொம்ப நேரம் இல்லை. கல்லில் தோசை கருகிப் புகைந்தது. அதுவரைக்கும்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ஓட்டமாக இருக்கிறது. எதிர்வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். அவளை நானும் டிரைவருமாகத் தூக்கினோம். என் உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மாதா கோயில் திருவிழாவுக்காகப் பாதையை அடைத்திருந்தார்கள். டிரைவர் சந்து சந்தாகச் சுற்றினார். என் தோளில் சாய்ந்திருந்தவள் "உ... உ..." என்றாள். என் பெயராக இருக்கலாம், திட்டாகவும் இருக்கலாம்.

"பேசாதிங்க மதினி. பேசாம இருங்க" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளிடம் சொல்ல நினைத்த வார்த்தை அது. அவள் கேட்டுக்கொண்டாள். பேசாமல் இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்திருக்கும்.

தலையை ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோனபோது டாக்டர் பெனடிக்டா வெளியே வந்தாள்.

"ஆஸ்பிரின் போட்டுட்டுதான இருந்தாங்க?"

"இல்ல. அவங்களா நிறுத்திட்டாங்க."

"எப்ப?"

"நான் வீட்டுக்கு வந்ததுமே."

அவள் முகம் மாறியது. "போன வாரம் கேட்டப்ப போடுறாங்கன்னு சொன்னீங்களே. நான் உங்ககிட்ட சொல்லிவிட்டிருந்தேனே."

"சொன்னேன். அவங்க கேக்கல" என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

பேச்சு திரும்பிவிட்டது. நேற்றுச் சாயங்காலமே ஒவ்வொரு சொல்லாக வர ஆரம்பித்ததாம். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் சின்ன அடைப்பு, தானாகக் கரைந்துவிட்டது என்கிறார்கள். வலது கை விரல்கள் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. நிறுத்தினதால்தான் வந்தது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாதாம். ஆனால் நிறுத்தியிருக்கக் கூடாதாம்.

காலையில் நான் உள்ளே போனபோது டாக்டர் அவளைக் கடிந்துகொண்டிருந்தாள். "தம்பி பொண்டாட்டி அவ்வளவு தூரம் சொல்லியும் கேக்கலியாமே? ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். மதினி என்னைப் பார்த்துவிட்டாள். தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு டாக்டருக்குப் பதில் சொன்னாள்.

"ஆமா. சொல்லத்தான் செஞ்சா. நான்தான் கேக்கல."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாதன் புனேயிலிருந்து காலையில் வந்தான். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு பல் விளக்கி, காப்பி குடிக்கக் கேன்டீனுக்குப் போனான். அறையில் நாங்கள் இருவரும்தான். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு மதினி டாக்டர்ட்ட அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"எப்பிடி?"

"நான் சொன்னேன்னு."

ஜன்னல் பக்கம் பார்த்தாள். வார்த்தைகள் மெதுவாக, பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி வந்தன. "நீ சொல்லலன்னு சொன்னா என்ன ஆவும்? நாதன் என்னப் பூனாவுக்குத் தூக்கிட்டுப் போயிருவான். அங்கன பதினஞ்சாவது மாடியில உக்காந்து எந்த மூஞ்சியப் பாப்பேன்? அவன் பொண்டாட்டிக்கு என் பேச்சு வெளங்காது, அவ பேச்சு எனக்கு வெளங்காது." கொஞ்சம் மூச்சு விட்டாள். "டாக்டர் உங்கிட்ட சொல்லிவிட்டான்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். ஏளா, ஏன் சொல்லல?"

சுளையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். "சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் நீங்க என்னமாவது சொல்லிருவிய. எனக்குக் கோவம் வந்துரும்."

"நான் செத்தா நல்லதுன்னு நெனச்சியோ?"

"அப்படியெல்லாம் நெனக்கல."

"வேற எப்பிடி நெனச்ச?"

எப்படி நினைத்தேன் என்று இப்போதும் எழுத வரவில்லை.

அவள் வளைந்த வாயோடு ஒரு மாதிரி சிரித்தாள். "நீ அத வாங்கித் திங்கது எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். குப்பையில காலி அட்ட கிடந்துச்சு. என்னோடது பையில இருக்கு. அப்ப அது யாரோடது? முட்டி வலி மாத்திரையோட அதச் சேத்துத் திங்கக் கூடாதுன்னு அம்பாசமுத்திரத்துலயே டாக்டர் எனக்குச் சொல்லிருக்காரு. உன் கையில நீலம் நீலமா கெடந்ததையும் பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மாவா இருந்திய?"

"கேட்டேன்லா ஒரு நாளு, என்னமும் மருந்து திங்குதியான்னு. நீ வள்ளுன்னு விழுந்த. கெடந்து சாவுன்னு விட்டுட்டேன்." நிறுத்தினாள். "அடுப்படியில அம்புட்டு ரத்தத்தையும் பாத்த பெறவுதான் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுதேன், போவ மாட்டேங்குது."

அந்த நாளில் அவள் ஏன் விலாசம் சொல்லத் தெரியாமல் போனில் கத்தினாள் என்று நான் யோசித்ததில்லை. இத்தனை மாதமாக இருக்கிற வீட்டு விலாசம்.

"மதினி, நீங்க என்னக் கொன்னுருப்பிய" என்றேன்.

"நீ மட்டும்?" என்றாள்.

நாதன் மூன்று காப்பியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான். "என்ன, ரெண்டு பேரும் சண்ட போட்டியளா?"

"சண்டையா? நாங்க எதுக்கு?" என்றாள் மதினி.

"இந்தச் சாத்துக்குடி புளிக்கிது" என்றேன் நான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று மாதா கோயில் திருவிழா. ஊரே அங்கே இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி நான்கு பேர் பிடித்து அவளைக் கூடத்தில் உட்காரவைத்தோம்.

நாதன் என்னைத் தனியாக மாடிக்குக் கூட்டிப் போனான். "அம்மா, ரெண்டு பேருக்கும் முடியல. உங்களுக்கு அத்தையப் பிடிக்காதுங்கிறதும் எனக்குத் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன். டிக்கெட்டு பாத்துட்டேன்."

எத்தனை நாள் காத்திருந்த பேச்சு. இந்தத் தை மாதத்திலிருந்து இதற்காகத்தானே சாமி கும்பிட்டேன். முன்னறை காலியாகும். என் வீட்டில் நான் இஷ்டப்பட்ட ரசம் வைப்பேன்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா?"

"அங்க அவங்களுக்கு யாரு பாத்து மாத்திர குடுப்பா? உன் பொண்டாட்டி காலைல ஏழரைக்கே ஆபீஸ் போயிருவா. அவங்க பயந்த ஆளு. யாரும் பாக்கலன்னா குப்பையில போட்டுருவாங்க."

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டான். எனக்கு அவன் தோளில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கே போய் ஒரு நாள் அவள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்று யோசித்தேன், அதனால்தான் வேண்டாம் என்றேன். வேறு காரணம் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாதன் நேற்றுப் போய்விட்டான். போகும்போது இரண்டு பேர் காலிலும் விழுந்தான். அவள் காலில்தான் முதலில்.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மதினி என் அறையில் நின்றுகொண்டிருக்கிறாள். இடது கையால் என் அலமாரியைத் துழாவி, முட்டி வலி மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என் அலமாரியில உங்களுக்கு என்ன வேல?"

"இத இனிமே நான் வச்சிருப்பேன். டாக்டர் எழுதித் தந்தா ஒண்ணு தருவேன். இல்லன்னா தைலம் தேச்சுக்கிட்டுக் கெட."

"என் முட்டி, என் வலி."

"உன் ரத்தத்த நான் இன்னொருக்கக் கழுவ முடியாது. கையி ஒண்ணுதான் இருக்கு."

பிடுங்கலாம் என்றால் அவள் விழுந்துவிடுவாள். விட்டுவிட்டேன். துணி காயப்போட மாடிக்கு ஏறாமல், கொல்லையிலேயே ஒரு கொடி கட்டித் தரும்படி எதிர்வீட்டு ஆட்டோக்காரரிடம் சொல்லவேண்டும்.

இட்லி வைத்தேன். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. அவள் இடது கையால் பிட்டுச் சாப்பிட்டாள். பாதி சேலையில் விழுந்தது. சட்னியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கஷ்டப்பட்டுச் சொல்லாமல் இருந்தாள் என்று தெரிந்தது.

சாப்பிட்டதும் அட்டையிலிருந்து ஆஸ்பிரின் ஒன்றைப் பிதுக்கி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் முகத்தில் அப்படியே இருந்தது.

"உன்ன அந்தக் கதி பண்ணினது இதுதான?"

"என்னப் பண்ணிச்சு. உங்களப் பண்ணாதுன்னு இல்ல, பண்ணலாம். வயிறு எரிஞ்சாலோ, கறுப்பாப் போனாலோ அன்னைக்கே சொல்லணும். ஆனா இத விட்டா அதவிட மோசமாகும். பெனடிக்டா சொன்னது. போன மாசமே சொன்னது. இப்பச் சொல்லுதேன்."

வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்தது. நான் போகாமல் நின்றேன்.

"போ. முழுங்கிட்டேன்."

"வாயத் திறங்க."

"என்னய நம்பலியா நீ?"

"இல்ல" என்றேன். "திறங்க."

என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு திறந்தாள். நாக்கையும் தூக்கிக் காட்டினாள்.